அருவிக்குத் தடை, அறைக்கு வாடகை

சாரல் காலம் தொடங்கிவிட்டால் நெல்லைப் பதிப்பு நாளிதழ்களில் 'வெள்ளப்பெருக்கு: அருவிகளில் குளிக்கத் தடை' என்ற செய்தி அடிக்கடி வரும். குற்றாலம் பேரருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்டினால் போலீசார் எல்லோரையும் வெளியேற்றுவார்கள். விடுமுறைக்குப் பிள்ளைகளோடு வந்த குடும்பத்துக்குக் கோபம் வருவது இயல்புதான். அந்தக் கோபம் பெரும்பாலும் தடுத்து நிற்கும் காவலர் மேல் பாய்கிறது. தடை இருப்பது தெரிந்தும் வாயைத் திறக்காமல் முழு வாடகையையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்ட விடுதிக்காரரிடம் யாரும் கணக்குக் கேட்பதில்லை. கேட்க வேண்டிய இடம் அதுதான். சட்டமும் அந்தப் பக்கமே நிற்கிறது.

தடை ஏன் பேரத்துக்கு உரியதல்ல என்பதற்கு 2024 மே 17 போதும். கோடை விடுமுறைக் கூட்டம் பழைய குற்றாலத்தில் குளித்துக்கொண்டிருந்தபோது திடீர் வெள்ளம் இறங்கி, நெல்லையைச் சேர்ந்த 17 வயது மாணவன் ஒருவனை அடித்துச் சென்றது. அடிவாரத்தில் வெயில் அடிக்கும்போதே மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சியில் மழை கொட்டித் தீர்க்கும். சரிவு குறுகியது, செங்குத்தானது என்பதால் அந்தத் தண்ணீர் கீழே வந்துசேர அதிக நேரம் பிடிக்காது. "இப்போ தண்ணி குறைஞ்சிட்டே, விட்டா என்ன?" என்று கேட்பவருக்கு மலைமேல் என்ன நடக்கிறதென்று தெரியாது. மணிமுத்தாறு அருவியும் பாபநாசம் அகத்தியர் அருவியும் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருப்பவை. அங்கே சோதனைச் சாவடியை மூடும் அதிகாரம் வனத்துறைக்கு உண்டு. அருவியில் குளிப்பது காசு கொடுத்து வாங்கிய சேவை அல்ல. ஆகவே தடைக்காக நுகர்வோர் வழக்கு நிற்காது.

விடுதி அறையும் சுற்றுலா வேனும் 'இரண்டு பகல், மூன்று அருவி' என்று விற்கப்படும் பேக்கேஜும் அப்படியல்ல. அவை காசுக்கு வாங்கும் சேவைகள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(11), சேவைக் குறைபாட்டுக்குத் தரும் விளக்கத்தில் ஒரு முக்கியமான வரி இருக்கிறது: நுகர்வோருக்குத் தேவையான தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் குறைபாடே. மூன்று நாளாகத் தடை நீடிக்கிறது, உள்ளூர் முழுக்கத் தெரியும்; "வாங்க சார், தண்ணி நல்லா விழுது" என்று சொல்லிப் பணம் வாங்கினால் அது இந்த வரிக்குள் வருகிறது. நல்லாத்தான் விழுகிறது, வளைவைத் தாண்டி!

விடுதிக்காரரின் மறுப்பையும் கேட்க வேண்டும். "அருவி என் கையில் இல்லை, அறையைத் தயாராக வைத்திருந்தேன், சீசன் மூன்று மாதம்தான்." இதில் பாதி நியாயம். எந்தப் பாதி என்பதற்கு இரண்டு பழைய இங்கிலாந்து வழக்குகள் உதவும். 1902 ஜூனில் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு ஊர்வலத்தைப் பார்ப்பதற்காக லண்டன் பால் மால் தெருவில் ஒருவர் இரண்டு பகல்களுக்கு 75 பவுனுக்கு அறை பிடித்தார். அரசர் நோயுற்றதால் ஊர்வலம் தள்ளிப்போனது. ஊர்வலக் காட்சியே அந்த ஒப்பந்தத்தின் அடிப்படை என்பதால் மீதி 50 பவுனைத் தர வேண்டியதில்லை என்று 1903-இல் தீர்ப்பானது. அதே முடிசூட்டு விழாவையொட்டிக் கடற்படை அணிவகுப்பைக் காணவும் கப்பல்களைச் சுற்றிவரவும் படகு பேசியவருக்கு மட்டும் இந்தச் சலுகை கிடைக்கவில்லை. அணிவகுப்பு ரத்தானாலும் கப்பல்கள் அங்கேயே நின்றன. நம் 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 56, 65 பிரிவுகளிலும் இதையொட்டிய வாதத்துக்கு இடமுண்டு. வெறும் அறையாக எடுத்திருந்து, நீங்கள் பணம் கட்டிய பிறகு இரவோடு இரவாகத் தடை வந்தால், விடுதிக்காரர் மீது குறை சொல்ல முடியாது. ரத்து விதிமுறை என்ன சொல்கிறதோ அதுதான். அருவிக் குளியலையே சேர்த்து விற்றிருந்தால் கதை வேறு.

வழக்கின் கனம் எழுத்தில் இருக்கிறது. முன்பதிவுக்கு முன் வாட்ஸ்அப்பில் "இன்று எந்த அருவியில் தடை? நாங்கள் வரும் நாளில் தடை இருந்தால் எவ்வளவு திரும்பும்?" என்று கேட்டு, வரும் பதிலை அழிக்காமல் வைத்திருங்கள். பதில் வராவிட்டால் வேறு விடுதி பாருங்கள். ஐந்தருவி, பழைய குற்றாலம், பேரருவி மூன்றிலும் ஒரே நாளில் தடை இருக்க வேண்டும் என்பதில்லை. ஒன்று மூடினால் இன்னொன்று என்று திட்டத்தில் இடம் விடுங்கள். ஆடி அமாவாசையை ஒட்டிக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயில் திருவிழா நடக்கும். அந்த நாட்களில் பாபநாசம் மலைப்பாதைக்குக் கட்டுப்பாடுகள் உண்டு. தடை நாளில் "தனியார் அருவி இருக்கு" என்று அழைப்பவரை நம்ப வேண்டாம். ஓடையைத் திருப்பி உருவாக்கிய செயற்கை அருவிகள் மீது நடவடிக்கை எடுக்க உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022-இல் உத்தரவிட்டிருக்கிறது.

"நாலாயிரம் ரூபாய்க்குக் கோர்ட்டா?" என்ற தயக்கம்தான் பலரைத் தடுக்கிறது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். பல தகராறுகள் அங்கேயே சமரசமாகும். ஆகாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை, சம்பவம் நடந்ததிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. அதற்காகக் குற்றாலத்துப் பக்கம் மறுபடி அலையவும் வேண்டாம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரின் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம்.