பேஸ்பாலில் 'பாக்' விதி

பேஸ்பால் (அடிபந்தாட்டம்) விளையாட்டில், தளத்தில் நிற்கும் ஓட்டக்காரரை ஏமாற்றும் வகையில் எறியாளர் செய்யும் விதிமீறல் 'பாக்' எனப்படும். முதல் தளத்துக்குப் பந்தை எறியும்போது இது பெரிதும் நிகழ்கிறது. கிரிக்கெட்டில் பழகிய நம் மாணவர்களுக்கு இவ்விதி தொடக்கத்தில் குழப்பமாகத் தோன்றலாம். அதன் காரணத்தை அறிந்தால் எளிதில் விளங்கும்.

விதியின் தேவை

எறியாளர் நிற்கும் மேட்டில் 24 அங்குல நீளமும் 6 அங்குல அகலமும் கொண்ட ரப்பர் பலகை பதிக்கப்பட்டிருக்கும். முதல் தளத்தில் உள்ள ஓட்டக்காரர் சில அடிகள் முன்னே வந்து நிற்பார். பந்து மட்டையாளரை நோக்கிப் புறப்பட்டதும், 90 அடி தொலைவிலுள்ள இரண்டாம் தளத்துக்கு ஓடப் பார்ப்பார். இதைத் 'தளம் திருடுதல்' என்பர். அவரைத் தடுக்க எறியாளர் முதல் தளத்துக்குப் பந்தை எறியலாம். ஓட்டக்காரர் தளத்துக்குத் திரும்புமுன் பந்தால் தொடப்பட்டால் ஆட்டமிழப்பார்.

மட்டையாளருக்கு எறிவதுபோல் பாவனை செய்துவிட்டு முதல் தளத்துக்கு எறியலாம் என்றால், ஓட்டக்காரர் தளத்தை விட்டு நகரவே முடியாது. இந்த நிலையைத் தவிர்க்கவே பாக் விதி உள்ளது.

முதல் தளத்துக்கு எறியும் முறை

எறியாளரின் ஊன்றுகால் பலகையைத் தொட்டுக்கொண்டிருக்கும்போது:

1. எறிவதற்கு முன் மற்றொரு காலை முதல் தளத்தை நோக்கி நேராக எடுத்து வைக்க வேண்டும்.
2. முதல் தளத்துக்கு எறிவதுபோல் தொடங்கினால் எறிந்தே தீர வேண்டும், பொய்யசைவு கூடாது. இரண்டாம் தளத்தில் ஓட்டக்காரர் இருந்தால் அங்குப் பொய்யசைவு செய்யலாம்.
3. மட்டையாளருக்கு எறியும் அசைவைத் தொடங்கிய பின் நிறுத்தவோ திசை மாற்றவோ கூடாது.
4. பந்தைக் கைநழுவ விடக் கூடாது.

ஊன்றுகாலைப் பலகைக்குப் பின்புறமாக எடுத்து வைத்துவிட்டால் எறியாளர் ஒரு சாதாரணக் களத்தடுப்பாளர் ஆகிவிடுவார். அதன்பின் முதல் தளத்துக்குப் பொய்யசைவு செய்தாலும் குற்றமில்லை.

இடக்கை எறியாளர் முதல் தளத்தைப் பார்த்தவாறு நிற்பதால் அவருக்கு வசதி அதிகம். எனினும், அவர் தூக்கும் கால் பலகையின் பின்விளிம்பைத் தாண்டிவிட்டால் முதல் தளத்துக்கு எறிய முடியாது.

தண்டனை

நடுவர் பாக் அறிவித்தால் ஒவ்வோர் ஓட்டக்காரரும் ஒரு தளம் முன்னேறுவார். மூன்றாம் தளத்தில் ஒருவர் இருந்தால் எதிரணிக்கு ஓர் ஓட்டம் கிடைத்துவிடும். ஆகவே, நெருக்கமான ஆட்டத்தின் முடிவையே ஒரு தவறான கால்வைப்பு மாற்றிவிடலாம். தளங்களில் எவரும் இல்லையெனில் பாக் என்பதே இல்லை.

அமெரிக்காவின் மேஜர் லீக் போட்டிகளில் 2023 முதல் புதிய கட்டுப்பாடு உள்ளது. ஒரு மட்டையாளர் ஆடும்போது எறியாளர் இருமுறை மட்டுமே தளத்துக்கு எறியவோ பலகையை விட்டு விலகவோ தடையில்லை. மூன்றாம் முயற்சியில் ஓட்டக்காரர் ஆட்டமிழக்காவிட்டால் அது பாக் ஆகும். ஓட்டக்காரர் முன்னேறினால் இக்கணக்கு புதிதாகத் தொடங்கும்.

கிரிக்கெட்டுடன் ஓர் ஒப்பீடு

மாமல்லபுரம் கடற்கரையில் டென்னிஸ் பந்தில் ஆடும் சிறுவர்களிடையேகூட எழக்கூடிய தகராறு ஒன்று உண்டு. பந்து வீசப்படும் முன்பே மறுமுனை மட்டையாளர் கோட்டைத் தாண்டினால் பந்துவீச்சாளர் குச்சிகளைத் தட்டலாமா? 1947 டிசம்பரில் சிட்னியில் வினூ மன்கட், பில் பிரவுனை இவ்வாறு ஆட்டமிழக்கச் செய்தார். 2019 மார்ச் 25 அன்று ஜெய்ப்பூரில் தமிழகத்தின் ரவிச்சந்திரன் அஸ்வின், ஜோஸ் பட்லரை இதே முறையில் வெளியேற்றியபோது கடும் விவாதம் எழுந்தது. 2022 அக்டோபரில் நடப்புக்கு வந்த திருத்தத்தில், இது 'முறையற்ற ஆட்டம்' என்ற பிரிவிலிருந்து 'ரன் அவுட்' பிரிவுக்கு மாற்றப்பட்டது.

இரு விளையாட்டுகளிலும் கேள்வி ஒன்றே: முன்கூட்டி நகர்பவருக்கும் பந்தை வைத்திருப்பவருக்கும் எது நியாயமான எல்லை? கிரிக்கெட் இதை நெடுங்காலம் ஆட்ட உணர்வு சார்ந்த விவாதமாகவே வைத்திருந்தது. பேஸ்பாலோ எறியாளரின் கால் எந்தத் திசையில் செல்ல வேண்டும் என்பதையே விதியாக எழுதிவிட்டது.

மாணவர்கள் நினைவில் கொள்ள வேண்டியது

நம் பள்ளிகளில் ஆடப்படும் சாப்ட்பாலில், பந்து எறியாளரின் கையை விட்டு நீங்கும்வரை ஓட்டக்காரர் தளத்தை விட்டு விலகக் கூடாது. எனவே அங்கு இச்சிக்கல் அவ்வளவாக எழுவதில்லை. சாப்ட்பாலிலிருந்து பேஸ்பாலுக்கு மாறுவோர் "பலகையில் இருந்தால் காலை வை, எறி, ஏமாற்ற நினைத்தால் முதலில் பின்னே இறங்கு" என்பதைப் பயிற்சியின் முதல் நாளிலேயே பழகிக்கொள்வது நல்லது.