ஒரே தோட்டத்தில் 400 ரகத் திராட்சை... ஜார்ஜியாவில் ரெண்டு நண்பர்கள் செஞ்ச வேலை!

திராட்சைத் தோட்டத்துல உட்கார்ந்து ஓவியம் வரைஞ்சுக்கிட்டு இருக்கீங்க. டிராக்டரில் வந்த முன்பின் தெரியாத ஒருத்தர், ராத்திரி வீட்டுக்குச் சாப்பிட வரச் சொல்றார். போவீங்களா?

ஜான் வர்ட்மேன் போனார். அமெரிக்க ஓவியரான இவர் குடியேறியிருந்தது ஜார்ஜியா நாட்டின் சிக்னாகி ஊரில். கூப்பிட்டவர் கேலா படாலிஷ்விலி. எட்டுத் தலைமுறையாக ஒயின் தயாரிக்கும் குடும்பம். நண்பர்களான இருவரும் 2007-ல் தொடங்கியதுதான் 'ஃபெசன்ட்ஸ் டியர்ஸ்' ஒயினரி. நோக்கம், அழிந்துவரும் உள்ளூர் ரகங்களை மீட்பது.

ஏன் அழிந்தன?

ஜார்ஜியாவில் சுமார் 8,000 ஆண்டுகள் பழைமையான பானைகளில் ஒயின் தடயம் கிடைத்திருக்கிறது. அந்நாட்டுக்கே உரிய திராட்சை ரகங்கள் 500-க்கும் மேல். ஆனால், சோவியத் ஆட்சிக்குத் தேவை அளவுதான், ருசி அல்ல. நிறைய விளையும் ர்காட்சிடெலி போன்ற சில ரகங்களே எங்கும் நடப்பட்டன. மற்றவை வீட்டுக் கொல்லைகளில் ஒதுங்கின.

இங்கேதான் சிக்கல். திராட்சை விதையை நட்டால் அதே ரகம் வராது. தாய்க்கொடியின் குச்சியை வெட்டி நட்டால்தான் வரும். கடைசிக் கொடியையும் பிடுங்கிட்டா, அந்த ரகமே காலி!

2006-ல் ஜார்ஜிய ஒயினுக்கு ரஷ்யா தடை போட்டது. அதுவரை ஏற்றுமதியில் பெரும்பகுதி போனது அங்கேதான். புது நாடுகளில் விற்கணும்னா, வேறெங்கும் கிடைக்காத ஒன்று வேணும். அது கொல்லையிலேயே இருந்தது.

எப்படி மீட்டார்கள்?

400-க்கும் மேற்பட்ட ரகங்களை ஒரே தோட்டத்தில் நட்டார்கள். அத்தனையையும் கலந்து 'பாலிஃபோனியா' என்று ஒரு ஒயின். பல குரல்கள் சேர்ந்து ஒலிக்கும் ஜார்ஜியப் பாட்டு முறையை நினைவூட்டும் பெயர்.

தயாரிப்பும் பழைய முறைதான். உள்ளே தேன்மெழுகு பூசிய 'க்வெவ்ரி' என்ற பெரிய மண்தாழியைத் தரைக்குள் புதைத்து, சாறைத் தோலோடும் விதையோடும் மாதக்கணக்கில் விடுவார்கள். சூடு ஏறாமல் மண்ணே பார்த்துக்கொள்ளும். 2013-ல் இந்த முறை யுனெஸ்கோவின் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

ஆராய்ச்சிப் பண்ணையில் மட்டும் இருக்கும் ரகம், லாக்கர்ல வெச்ச நகை மாதிரி. பத்திரமா இருக்கும், யாரும் போட்டுக்க மாட்டாங்க. காசு கொடுத்து வாங்க ஆள் இருந்தால்தான் விவசாயி அதை மறுபடி நடுவார். அந்த ஆளைத் தேடிப் பிடிச்சதுதான் இந்த நண்பர்களோட நிஜமான சாதனை!