கங்கைக்குப் போகுமுன் பெர்த்தாமைப் பாருங்கள்

2025 ஜனவரி 13 தொடங்கி பிப்ரவரி 26 வரை பிரயாக்ராஜில் நடந்த மகா கும்பமேளா, கடல் கடந்த தமிழர்களிடையேயும் கங்கை ஆசையைக் கிளப்பிவிட்டிருக்கிறது. மலேசியாவின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் பிறந்து வெளியூரில் வேலைக்குப் போன பிள்ளைகள், காசிக்கும் கயாவுக்கும் பணம் கட்டி அம்மா அப்பாவை அனுப்பிவைக்கிறார்கள். ஆயுசு முழுக்கக் கொழுந்து பறித்த கை ஒருமுறை கங்கையைத் தொட்டுவிட வேண்டும் என்று நினைப்பது நியாயம்தான். என் கவலை வேறு. இந்த மலையிலேயே தலைமுறை தலைமுறையாக நம் ஜனங்களுக்குப் புண்ணிய நதியாக இருந்த பெர்த்தாம் ஆறு, கண்ணெதிரே சேறாகிக்கொண்டிருக்கிறது.

1929-ஐ ஒட்டி இங்கே காட்டை அழித்துத் தேயிலை நட்டார்கள். மலாயாத் தோட்டங்களுக்குக் கப்பலேறியவர்களில் திருச்சி, தஞ்சாவூர், சேலம் ஜில்லாக்காரர்கள் நிறையப் பேர். காவிரித் தண்ணீரில் வளர்ந்தவர்களுக்கு ஆடிப் பதினெட்டுக்கு ஊர் திரும்ப வழியில்லை. தோட்டத்துக் குடியிருப்பான லயத்துக்குப் பக்கத்தில் ஓடிய ஆறே காவிரியாயிற்று, கங்கையும் ஆயிற்று. மாரியம்மனுக்குக் கொட்டகை போட்டவர்கள், கரகம் பாலிக்க ஆற்றங்கரையில் ஓர் இடத்தையும் குறித்துக்கொண்டார்கள்.

அந்தச் சடங்கைக் கிட்ட நின்று பார்த்தவர்களுக்கு ஆற்றின் அருமை தெரியும். ஆயிரத்தைந்நூறு மீட்டர் உயரத்தில், எலும்பைக் குடையும் குளிரில், பூசாரி தலைமுழுகி ஈரவேட்டியோடு ஏறி வருவார். செம்பில் ஆற்று நீரை மொண்டு, மஞ்சள் பூசி, வேப்பிலையும் பூச்சரமும் சுற்றிக் கூம்பாகக் கட்டி, உச்சியில் எலுமிச்சம்பழம் செருகுவார். உடுக்கைச் சத்தம் ஏற ஏறக் கரகம் தலைக்குப் போகும். அதற்கப்புறம் அந்தச் செம்புத் தண்ணீர் தண்ணீரல்ல, ஆத்தா. திருவிழா முடிந்ததும் திரும்பவும் ஆற்றில்தான் விடுவார்கள். செத்தவர்களுக்குப் பதினாறாம் நாள் பிண்டம் கரைத்ததும் இதே கரைகளில்தான். தோட்டத்து ஜனங்களின் தீர்த்த யாத்திரை என்பது பல காலம், லயத்திலிருந்து ஆற்றுக்கு இறங்கும் அந்த ஒற்றையடிப் பாதைதான்.

இப்போது அந்தச் செம்பில் எதை மொள்வது?

பெர்த்தாம் ஆறு பிரிஞ்சாங் பக்கத்து மலையிலிருந்து இறங்கி, தானா ராத்தாவைக் கடந்து, ரிங்லெட் நீர்த்தேக்கத்தில் விழுகிறது. இயற்கையாக விட்டிருந்தால் தெலோமோடும் ஜெலாயோடும் கலந்து, பகாங் ஆறாகித் தென்சீனக் கடலுக்குப் போயிருக்கும். 1963-இல் அணையும் மின்நிலையமும் வந்த பிறகு, பெரும்பகுதி நீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியே மேற்கே பேராக் பக்கம் திரும்பிவிட்டது. அந்தத் திருப்பத்தைக்கூட ஆறு தாங்கிக்கொண்டது. தாங்க முடியாதது மண். சரிவுகளை வெட்டிப் படிப்படியாக்கி, மேலே பிளாஸ்டிக் கொட்டகை போட்டுக் காய்கறி வளர்க்கிறார்கள். கூரையில் விழும் மழை மண்ணுக்குள் இறங்காமல் ஓட்டமாய் ஓடி, மேல்மண்ணையும் கோழி எருவையும் பூச்சிமருந்தையும் வாரிக்கொண்டு ஆற்றில் விழுகிறது. வளர்ந்த தேயிலைச் செடி மண்ணைப் பிடித்துவைப்பது போல் முட்டைக்கோஸ் பிடித்துவைக்காது. ரிங்லெட் ஏரியில் வண்டல் ஏறி ஏறி, தூர் வாரித் தீரவில்லை. 2013 அக்டோபரில் அடைமழை இரவொன்றில் அணை திறக்கப்பட்டபோது, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேற்று வெள்ளம் வீடு புகுந்து உயிர்களைக் கொண்டுபோனது. அடுத்த ஆண்டு நவம்பரில் மறுபடியும்.

நாட்டுக்கே காய்கறி போடுகிறோம், எங்கள் பிழைப்பு என்னாவது என்று கொட்டகைக்காரர்கள் கேட்கிறார்கள். கேட்கட்டும். ஆற்றோரத்தில் பத்தடி புல்லையும் மரத்தையும் விட்டுவைத்தால் எந்தப் பிழைப்பும் கெட்டுவிடாது.

எனக்குப் பயம் தருவது பத்துமலை முருகன் கோயிலில் ஆற்றுக்கு நேர்ந்த கதி. 1892 முதல் அங்கே தைப்பூசம் நடக்கிறது. காவடி எடுப்பவர் பத்து ஆற்றில் முழுகிவிட்டுப் படியேறுவதுதான் முறை. இன்று கரையில் குழாய் இருக்கிறது, குழாயடியில் குளித்துவிட்டுப் போகிறார்கள். ஆற்றைத் தொட வேண்டிய அவசியமே போய்விட்டது. தொடாத ஆறு எவ்வளவு கறுத்தால் யாருக்கு என்ன? மலைத் தோட்டங்களிலும் இது நடக்க வெகுநாள் ஆகாது. பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போய்விட்டார்கள், பல லயங்களில் இப்போது வங்காளதேசத்தார், நேப்பாளிகள். திருவிழாவுக்கு மட்டும் கார் போட்டு வருகிறவர்களுக்குக் கோயில் குழாயிலேயே கரகச் செம்பை நிரப்பிக்கொடுத்தாலும் வித்தியாசம் தெரியாது.

கங்கையிலும் இதே கதைதான் என்பார்கள். கும்பமேளா நடந்துகொண்டிருந்தபோதே, சங்கம நீரில் மலக்கழிவுக் கிருமி குளிப்பதற்கான அளவைத் தாண்டியதாக அறிக்கை வந்தது, அந்த மாநில அரசு அதை மறுத்தது. அங்கே வாதாடவாவது கோடிக்கணக்கான பேர் இருக்கிறார்கள். பெர்த்தாமுக்காகப் பேச யார் இருக்கிறார்கள்?

அதனால் கோயில் தலைவர்களிடம் கேட்கிறேன். திருவிழா நோட்டீஸ் அடிக்கும் முன்னால், இளைஞர்களைக் கூட்டிக்கொண்டு கரகம் பாலிக்கும் இடத்திலிருந்து மேல்நோக்கி ஒரு மைல் கரையோரமாக நடந்துபோங்கள். எந்தச் சரிவிலிருந்து மண் இறங்குகிறது, எந்தக் கொட்டகையின் வாய்க்கால் நேராக ஆற்றில் விழுகிறது என்று படம் எடுங்கள். அதை மாவட்ட அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள். காசிக்கு ஆள் சேர்க்கும் பட்டியலில் பெயர் கொடுத்தவர்களும் அந்த மனுவில் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டு விமானம் ஏறட்டும்.