கலங்கும் மனதைத் தாங்கும் தூண்கள்

சென்னையிலிருந்து புனே நோக்கி வரும் இரயில் தவுண்டு சந்திப்பைக் கடந்ததும், நம்மில் பலர் பைகளை எடுத்து வைக்கத் தொடங்குகிறோம். அந்தப் பரபரப்பில் ஜன்னலுக்கு வெளியே கடந்துபோகும் கேட்காவ் என்னும் சிறிய நிலையத்தைக் கவனிப்பவர் சிலரே. வாழ்க்கையில் யாவற்றையும் இழந்தும் மனம் சிதறிப்போகாத ஒரு பெண்மணி, தம்மைப் போன்ற பலரை நிலைநிறுத்திய இடம் அது. அவர் பண்டித ரமாபாய்.

பிழைப்புக்காக இந்நகரத்திற்கு வந்த நமக்கு அவருடைய வாழ்க்கை மிகவும் நெருக்கமானது. ஊரிலே "இன்னாருடைய மகன், இன்னார் வீட்டு மருமகள்" என்று அறியப்பட்டவர்கள் நாம். இங்கேயோ வாடகை வீட்டின் கதவு எண்ணாகவும், தொழிற்சாலை அடையாள அட்டையின் எண்ணாகவும் மாறிவிடுகிறோம். இரவுப் பணி, புரியாத பாஷை, தூரத்தில் வயதான பெற்றோர். "நான் யார்? எதற்காக இங்கே இருக்கிறேன்?" என்ற கேள்வி, ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள், நம் உள்ளத்தில் எழும்புகிறது.

அடுக்கடுக்காய் வந்த இழப்புகள்

1858ஆம் ஆண்டு பிறந்த ரமாபாய்க்கு வீடு என்று ஒன்று நிலையாக இருந்ததில்லை. அவருடைய குடும்பத்தார் ஊர் ஊராகச் சென்று புராணங்களை வாசித்துப் பிழைத்தவர்கள். 1870களின் பஞ்சத்தில் தந்தை, தாய், மூத்த சகோதரி ஆகியோர் ஒருவர்பின் ஒருவராக மரித்தார்கள். 1880இல் அண்ணன் மரித்தார். அதே ஆண்டில் மணந்த கணவரும் 1882இல் காலராவினால் மரித்தார். அப்போது ரமாபாய்க்கு வயது 23. கையிலே குழந்தை மனோரமா.

இத்தனை அடிகளுக்குப் பின்னும் அவரைத் தாங்கியது எது? அவருடைய வாழ்க்கையைக் கவனித்தால் ஒன்றல்ல, பல தூண்களைக் காண்கிறோம்.

கற்றதும் காத்ததும்

முதலாவது, கல்வி. தாய் இலட்சுமிபாய் கற்றுக்கொடுத்த சமஸ்கிருதத்தைப் பஞ்சத்தால் பறிக்க முடியவில்லை. 1878இல் கல்கத்தாவின் அறிஞர்கள் அவருடைய புலமையைக் கண்டு வியந்து, "பண்டிதா", "சரஸ்வதி" என்னும் பட்டங்களை அளித்தார்கள். உற்றாரை இழந்த பெண்ணுக்கு, "நான் யார்" என்பதற்கு ஒரு பதில் மிஞ்சியிருந்தது.

இரண்டாவது, தம் வேர்களைக் காத்துக்கொண்டது. 1883இல் இங்கிலாந்தில் ஞானஸ்நானம் பெற்ற பின்பும், சைவ உணவை அவர் விடவில்லை. அங்குள்ள சகோதரிகள் அதைக் கேள்வி கேட்டபோதும் தம் பழக்கத்தில் உறுதியாக நின்றார். பிற்காலத்தில் எளிய ஜனங்களுக்கும் புரியும் மராத்தியில் வேதாகமத்தை மொழிபெயர்த்தார். தாய்மொழியும் பழகிய உணவும் அற்பமானவை அல்ல. அந்நிய நகரத்திலே பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தைக் கற்றுக்கொடுக்கும் தாய், அவர்கள் ஊன்றி நிற்க ஓர் இடத்தை ஆயத்தம்பண்ணுகிறாள்.

கைக்கு வேலை, கூட்டாக ஜெபம்

1890களின் இறுதியில் பஞ்சத்தில் அகப்பட்ட பெண்களையும் சிறுமிகளையும் ரமாபாய் கேட்காவுக்கு அழைத்து வந்தார். முக்தி மிஷன் உருவாயிற்று. 1900ஆம் ஆண்டளவில் அங்கே ஏறத்தாழ 1,500 பேர் இருந்தனர். பசியையும் அவமானத்தையும் அனுபவித்து வந்த அவர்களுக்கு ஆறுதல் வார்த்தை மாத்திரம் போதாது என்று அவர் அறிந்திருந்தார். நெசவு, தோட்டம், பால்பண்ணை, சமையல், அச்சகம் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பொறுப்பு இருந்தது. பார்வையற்றவர்களும் பிரெய்லி எழுத்தும் கைத்தொழிலும் கற்றார்கள். "நீ அபசகுனம்" என்று ஒதுக்கப்பட்ட விதவை, "என் வேலை நடக்காவிட்டால் இன்று பலருக்கு உணவில்லை" என்று சொல்லக்கூடிய நிலைக்கு வந்தாள்.

அதனுடன் ஜெபமும் இருந்தது. 1905இல் முக்தியில் உண்டான எழுப்புதலை நம் சபைகள் நன்கு அறியும். அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே பெண்கள் தினந்தோறும் கூடி ஜெபித்து வந்தார்கள் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். குறித்த நேரத்தில், குறித்த முகங்களோடு சேர்ந்திருப்பதே கலங்கிய மனதிற்கு ஒரு நங்கூரம்.

1921இல் மகள் மனோரமாவும் மரித்தாள். ரமாபாய் வேதாகமப் பணியைக் கைவிடவில்லை. 1922 ஏப்ரல் 5 அன்று அவர் மரிக்கும்முன் மொழிபெயர்ப்பு நிறைவுற்றிருந்தது.

மருத்துவமும் தேவை

ஆயினும் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். சிலருடைய கலக்கம் வேலையாலும் கூடுகையாலும் மாத்திரம் தீர்வதில்லை. வாரக்கணக்கில் தூக்கமின்மை, காரணமற்ற அழுகை, பசியின்மை, சாக வேண்டும் என்னும் எண்ணம் ஆகியவை இருந்தால் அது நோயாக இருக்கக்கூடும். அதை "விசுவாசக் குறைவு" என்று சொல்லி வாயை அடைப்பது கொடுமை. 2015-16இல் நிம்ஹான்ஸ் நிறுவனம் நடத்திய தேசிய ஆய்வின்படி, வயதுவந்தோரில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் சிகிச்சை பெறவில்லை.

சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து சாகும்படி கேட்ட எலியாவை நினைத்துப் பாருங்கள். தேவதூதன் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. முதலில் உணவும் தண்ணீரும் தூக்கமும் கிடைத்தன. பின்புதான் வழிநடத்துதலும், உடன் ஊழியம் செய்ய எலிசாவும்.

புனேயிலும் உதவி உண்டு. மதுவுக்கும் போதைக்கும் அடிமையானவர்களுக்காக 1986இல் இங்கே தொடங்கப்பட்ட முக்தாங்கண் மையம், மருத்துவத்தோடு ஒழுங்கான தினசரி வாழ்க்கையையும் குடும்பத்தாரின் பங்கையும் சேர்த்துக்கொள்கிறது. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய "டெலி மானஸ்" சேவையை 14416 என்ற எண்ணில் இலவசமாக, எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

அருமையானவர்களே, அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் உடனே பேருந்தைப் பிடிக்க ஓடாமல் சற்று நில்லுங்கள். கடைசி வரிசையில் தனியே அமர்ந்திருப்பவரைப் பெயர் சொல்லி அழையுங்கள். "சாப்பிட்டீர்களா? இரவிலே தூக்கம் வருகிறதா?" என்று கேளுங்கள். பாயிலே உட்கார நாற்காலி எடுத்துப்போடவோ, பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கவோ, அவருக்கும் ஒரு சிறிய பொறுப்பைக் கொடுங்கள். தேவைப்பட்டால் மருத்துவரிடம் துணைக்குச் செல்லுங்கள். சாய்ந்துகொண்டிருக்கும் ஒரு வீட்டுக்கு, நீங்களே ஒரு தூணாயிருக்கக்கூடும்.