வண்டையர்கோன் கருணாகரத் தொண்டைமான்

முதற்பகுதித் தமிழ் வகுப்பில் கலிங்கத்துப்பரணி படித்த நாள்முதல் ஒரு கேள்வி என்னைவிட்டு அகலவில்லை. களத்துக்குப் போனவன் ஒருவன். பாட்டுடைத் தலைவன் இன்னொருவன். போர் நடந்தபோது முதற் குலோத்துங்கன் கலிங்கத்தில் இல்லை. அங்கே நின்றவன் கருணாகரத் தொண்டைமான். யார் அவன்?

தொண்டைமான் என்றதும் பட்டுக்கோட்டைப் பக்கத்து மாணவர்களாகிய நமக்குப் புதுக்கோட்டை நினைவு வரும். இவன் வேறு. புதுக்கோட்டைத் தொண்டைமான்களுக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் முந்தியவன். பல்லவ மரபினன் என்று செயங்கொண்டார் பாடுகிறார். குலோத்துங்கனின் அமைச்சனும் படைத்தலைவனும் அவனே என்பர் இலக்கிய வரலாற்றாசிரியர். பிறந்த ஊர் நம் சோழநாட்டு வண்டாழஞ்சேரி. அதுதான் பாட்டில் 'வண்டை' ஆயிற்று.

போரின் காரணம் எளியது. காஞ்சியில் மன்னன் வீற்றிருந்தபோது பல நாட்டாரும் திறை செலுத்தினர். கலிங்கன் இருமுறை செலுத்தவில்லை. நான் போகிறேன் என்று எழுந்தவன் கருணாகரன். பாலாறு, வடபெண்ணை, கிருஷ்ணை, கோதாவரி எனப் பல ஆறுகளைக் கடந்து படை வடக்கே சென்றது. இது 1110-ஐ ஒட்டி நடந்தது. ஆயிரம் யானைகளைக் கொன்ற வீரனைப் பாடுவதே பரணி என்பது இலக்கணம். எண்ணிப் பார்த்தவர் யார் என்று கேட்க அறிவியல் மாணவனுக்கு உரிமை உண்டல்லவா!

ஆனால் தோற்றோடியவர்களைப் பாடும் இடத்தில் எனக்குச் சிரிப்பும் வருத்தமும் ஒருங்கே வந்தன. தலைமயிரைப் பறித்துக்கொண்டு 'நாங்கள் சமணர்' என்றனர் சிலர். வில்லின் நாணைப் பூணூலாக்கிக் 'கங்கையாடப் போனோம், அகப்பட்டுக்கொண்டோம்' என்றனர் சிலர். குருதி தோய்ந்த துணியைப் போர்த்திச் சாக்கியராயினர் வேறு சிலர். புலவர் நகைக்கத்தான் எழுதினார். உயிருக்குப் பயந்த ஏழைக் காலாட்கள் இதைத் தவிர வேறென்ன செய்வார்கள்?

எதிரி யார் என்று பார்த்தால் வியப்பு இன்னும் மிகும். கலிங்க வேந்தன் அனந்தவர்மன் சோடகங்கன். பெயரிலேயே சோழன் இருக்கிறான். அவன் தாய் இராசசுந்தரி சோழர் குல மகள். குலோத்துங்கனோ வேங்கிச் சாளுக்கியனுக்கும் சோழ இளவரசி அம்மங்கைக்கும் பிறந்தவன். உறவினர் இருவரின் திறை வழக்கில் ஊரார் பிள்ளைகள் மாண்டனர் என்றே எனக்குப் படுகிறது. களிறுகளையும் செல்வத்தையும் கருணாகரன் கொண்டுவந்து மன்னன் அடியில் வைத்தான். ஆனால் சோடகங்கன் பிடிபடவில்லை. அதன்பின்னும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆண்டான். பூரி ஜகந்நாதர் பெருங்கோயிலைத் தொடங்கியவன் அவனே. பரணியை மட்டும் படித்தால் கலிங்கம் அன்றோடு அழிந்ததென்று நினைத்துவிடுவோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

பாட்டை விட்டுக் கல்லுக்கு வருவோம். காஞ்சி வரதராசர் கோயிலில் 1113-ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று உள்ளது. குலோத்துங்கசோழ வளநாட்டுத் திருநறையூர் நாட்டு வண்டாழஞ்சேரியுடையான் கருணாகரன் என்று அதில் நாடும் ஊரும் தெளிவாக இருக்கின்றன. திருநறையூர் இன்றைய நாச்சியார்கோயில் பக்கம். குத்துவிளக்குக்குப் பேர்போன ஊர். பொருத்தம் பாருங்கள், அந்தக் கல்வெட்டும் ஒரு விளக்கைப் பற்றியதே. கொடுத்தவள் அவன் மனைவி, அழகியமணவாளினி மண்டையாழ்வார். கணவன் உயிரோடு திரும்பிய நன்றிக்கு ஏற்றியிருப்பாள் என்று நான் நினைத்துக்கொள்கிறேன்.

எங்கள் வீட்டில் பழைய எழுத்து என்று இருப்பது, தாத்தா கைநாட்டு வைத்த பத்திரம் ஒன்றே. ஆகையால் கல்லில் ஒரு பெயரைக் கண்டால் என் கண் அடுத்த வரியில் மற்றவர்களைத் தேடும். நந்தா விளக்குக்கு 90 அல்லது 96 ஆடுகள் விடுவது அக்கால வழக்கம். 'சாவா மூவாப் பேராடு' என்பர். செத்த ஆட்டுக்கு ஈடு கட்டி, எண்ணிக்கை குறையாமல் காத்து, நாள்தோறும் நெய் அளக்க வேண்டியவர் அவற்றை ஏற்ற இடையர். அவருக்குப் பின் அவர் மக்கள்.