காதுக்கு வாங்கும்போது காதில் பூ சுற்ற விடாதீர்கள்!

வயர் இல்லாத ஹெட்போன்: பாட்டுக்கு எது? பேச்சுக்கு எது?

வாணியம்பாடி:-

வாணியம்பாடி என்றால் தோல். அடுத்தது பிரியாணி. இரண்டுக்கும் பெயர் போன ஊர் இது.

இப்போது இந்த ஊரில் மூன்றாவதாக ஒன்று கண்ணில் படுகிறது. எங்கு திரும்பினாலும் ஆணும் பெண்ணும் காதில் எதையாவது மாட்டிக்கொண்டு போகிறார்கள்!

ஷூ கம்பெனி பஸ்சில் ஜன்னல் ஓரம் சாய்ந்து இருக்கும் பெண்கள். சென்னைக்குப் போகும் ஏலகிரி எக்ஸ்பிரசில் இடம் பிடித்த கல்லூரி மாணவர்கள். வெளிநாட்டு ஆர்டரைப் பற்றி நடந்துகொண்டே பேசும் தோல் வியாபாரிகள். எல்லார் காதிலும் வயர் இல்லாத ஹெட்போன்!

சிலர் கேட்பது சினிமாப் பாட்டு. சிலர் கேட்பது பயான். இன்னும் சிலருக்கு கிரிக்கெட் வர்ணனை.

"பாய், ஹெட்செட்டு ஒண்ணு காட்டுங்க. பாட்டுக்கும் வேணும், பேசறதுக்கும் வேணும்."

"எவ்வளவுல பார்க்கறீங்க தம்பி?"

செல்போன் கடைகளில் வியாபாரம் இப்படித்தான் தொடங்குகிறது. அதற்குப் பிறகுதான் குழப்பம். பெட்டியில் அச்சிட்டு இருக்கும் எழுத்துகளும் எண்களும் தலையைச் சுற்ற வைக்கின்றன. கடைசியில் நிறத்தைப் பார்த்து ஒன்றை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள்.

உழைத்த காசு வீணாகாமல் இருக்க என்ன பார்க்க வேண்டும்?

கழுத்திலா? காதிலா? தலையிலா?

கடைகளில் கிடைப்பவை முக்கியமாக 3 வகை.

முதல் வகை, கழுத்தில் மாலைபோல் கிடக்கும் நெக்பேண்ட். இதில் பேட்டரி பெரியது. காதில் இருந்து நழுவினாலும் கீழே விழாது. ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்கிறது. நாள் முழுவதும் போன் பேசுகிறவர்களுக்கும், பஸ்சில் தொங்கிக்கொண்டு போகிறவர்களுக்கும் இதுவே வசதி.

இரண்டாவது, பட்ஸ். காதுக்கு ஒன்றாக இரண்டு துண்டு. சின்ன டப்பாவில் போட்டால் தானாக சார்ஜ் ஆகும். சட்டைப் பையில் அடங்கும். ஆனால் ஒன்று தொலைந்தால் மற்றதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஒற்றைத் துண்டு தனியாகக் கிடைக்குமா என்பதை வாங்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

மூன்றாவது, காது முழுவதையும் மூடும் பெரிய ஹெட்போன். பாட்டுக்கு இது ராஜா! மணிக்கணக்கில் கேட்டாலும் காதுத் துளை வலிக்காது. ஆனால் வேலூர் பக்கத்து வெயிலில், அக்னி நட்சத்திரத்தில், இதை மாட்டிக்கொண்டு வெளியே போனால் காதெல்லாம் வியர்வை ஆறு!

தோல் ஊருக்கு ஒரு தோல் செய்தி

பெரிய ஹெட்போனில் காதைச் சுற்றி ஒரு மெத்தை இருக்கும். "புரோட்டீன் லெதர்" என்று பெட்டியில் போட்டிருப்பார்கள்.

பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது அசல் தோல் அல்ல. தோல்போல் மிருதுவாகத் தெரியும்படி செய்த செயற்கைச் சரக்கு. பெரும்பாலான மெத்தைகள் பாலியூரித்தேன் என்ற ரசாயனப் பூச்சு கொண்டவைதான். வியர்வையும் ஈரக்காற்றும் பட்டுப் பட்டு, ஒன்றிரண்டு ஆண்டுகளில் கறுப்புச் செதில் செதிலாக உரியத் தொடங்கும். செம்மறி ஆட்டுத் தோல் மெத்தை, விலை உயர்ந்த சில ஹெட்போன்களில் மட்டுமே உண்டு.

தொட்டுப் பார்த்தே தோலின் தரத்தைச் சொல்லுகிற ஊருக்கு இதை அதிகம் விளக்க வேண்டியது இல்லை. "மெத்தையை மட்டும் கழற்றி மாற்ற முடியுமா?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். முடியும் என்றால் அந்த ஹெட்போனுக்கு ஆயுள் கெட்டி.

பாட்டு இனிக்குது, பேச்சு கசக்குது. ஏன்?

"பாட்டு கேட்டா தேன் மாதிரி இருக்கு. போன் வந்தா மட்டும் பானைக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்கே?"

பலருடைய புகார் இது. ஹெட்போனில் கோளாறு என்று நினைத்து கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள்.

கோளாறு இல்லை. காரணம் வேறு.

பாட்டு, செல்போனில் இருந்து காதுக்கு மட்டும் வருகிறது. அது ஒருவழிப் பாதை. பாதை முழுவதும் பாட்டுக்குத்தான். போன் பேசும்போது அப்படி அல்ல. அங்கிருந்தும் குரல் வர வேண்டும். இங்கிருந்தும் குரல் போக வேண்டும். அதற்கு புளூடூத் வேறு முறைக்கு மாறிவிடுகிறது.

மனிதக் காது 20 ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை கேட்கும். பேச்சுக்கான பழைய புளூடூத் முறையில் சுமார் 4 ஆயிரத்துக்கு மேல் போகாது. 2011-ல் வந்த அடுத்த முறையில் இது ஏறக்குறைய இரு மடங்கு ஆனது. அதனால் குரல் தெளிந்தது. 2022-ல் முழு வடிவம் பெற்ற "எல்.இ. ஆடியோ" என்ற புது முறை இன்னும் நல்லது. ஆனால் ஹெட்போனில் மட்டும் அது இருந்தால் பயன் இல்லை. செல்போனிலும் இருக்க வேண்டும்.

பாட்டைக் கேட்டுவிட்டு "பேச்சும் இப்படியே இருக்கும்" என்று வாங்கினால் ஏமாற்றம்தான். இரண்டையும் தனித்தனியே சோதிக்க வேண்டும்.

இரண்டு எழுத்து, இரண்டு வேலை

பெட்டியில் "ஏ.என்.சி." என்று இருக்கும். "இ.என்.சி." என்றும் இருக்கும். இரண்டும் ஒன்று என்று நினைத்து ஏமாறுகிறவர்களே அதிகம்!

ஏ.என்.சி. உங்கள் காதுக்கு. வெளியில் உள்ள இரைச்சலை மைக் மூலம் கேட்டு, அதற்கு நேர் எதிரான அலையை உள்ளே உண்டாக்கி, இரைச்சலை அமுக்கும்.

இ.என்.சி. எதிர்முனையில் இருப்பவருக்கு. நீங்கள் பஸ் நிலையத்தில் நின்று பேசினாலும், ஆரன் சத்தத்தைக் குறைத்து உங்கள் குரலை மட்டும் அனுப்பப் பார்க்கும்.

பெட்டியில் இ.என்.சி. மட்டும் போட்டிருந்தால் உங்கள் காதில் விழும் சத்தம் கொஞ்சமும் குறையாது. "நாய்ஸ் கேன்சல் இருக்கு சார்" என்று சொன்னால், "எந்த நாய்ஸ்?" என்று திருப்பிக் கேளுங்கள்!

ஏ.என்.சி.யும் எல்லாச் சத்தத்தையும் விழுங்கிவிடாது. பஸ் என்ஜின், மின்விசிறி, ரெயில் போன்று ஒரே மாதிரி உறுமும் சத்தத்தை நன்றாகக் குறைக்கும். பக்கத்து சீட்டுக்காரர் பேசுவதையும் குழந்தை அழுவதையும் அந்த அளவுக்குக் குறைக்காது.

விமானத்தில் பிறந்த யோசனை

இரைச்சலை அடக்கும் ஹெட்போனுக்குப் பின்னால் ஓர் இந்தியத் தந்தையின் மகன் இருக்கிறார்.

அவர் அமர் போஸ். தந்தை வங்காளத்தைச் சேர்ந்த விடுதலைப் போராட்டக்காரர். ஆங்கிலேய அரசின் பிடியில் இருந்து தப்பி 1920-ல் அமெரிக்காவுக்குப் போனவர். மகன் அமெரிக்காவிலேயே பிறந்து, எம்.ஐ.டி.யில் பேராசிரியர் ஆனார். 1964-ல் போஸ் கம்பெனியைத் தொடங்கினார்.

1978-ல் விமானத்தில் போனபோது ஹெட்போனை மாட்டினார். என்ஜின் இரைச்சலில் பாட்டு கேட்கவில்லை. அங்கேயே தாளை எடுத்து கணக்குப் போடத் தொடங்கினார். 1989-ல் விமானிகளுக்கான ஹெட்போன் விற்பனைக்கு வந்தது. பொதுமக்கள் கைக்கு வர மேலும் 11 ஆண்டுகள் ஆயின. அமர் போஸ் 2013-ல் காலமானார்.

புளூடூத் என்ற பெயருக்கும் ஒரு கதை உண்டு. 10-ம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட அரசர் ஹரால்டின் பட்டப்பெயர் அது. பிரிந்து கிடந்தவர்களை அவர் ஒன்று சேர்த்ததுபோல், வெவ்வேறு கருவிகளை ஒன்று சேர்க்கும் நுட்பம் என்பதால் அந்தப் பெயரை வைத்தார்கள்.

எண்களைக் கண்டு மயங்காதீர்!

"100 மணி நேரம் ஓடும்" என்று பெட்டியில் இருக்கும். பட்சில் அது டப்பாவில் உள்ள சார்ஜையும் சேர்த்துச் சொல்லும் கணக்கு. காதில் மாட்டினால் ஒரே மூச்சில் எத்தனை மணி நேரம் ஓடும் என்பதுதான் தேவையான எண். அதுவும் பாதி சத்தத்தில் வைத்துச் சொல்வதுதான் வழக்கம். ஏ.என்.சி. போட்டால் இன்னும் குறையும்.

"புளூடூத் 5.3" என்பது இணைப்பின் பதிப்பு எண். அந்த எண் கூடினால் மட்டும் பாட்டு இனிக்காது.

"ஐ.பி.எக்ஸ். 4" என்றால் வியர்வைக்கும் சாரலுக்கும் தாங்கும் என்று பொருள். பக்கெட்டில் விழுந்தால் தாங்கும் என்று பொருள் அல்ல. ஈரத்தோடு சார்ஜ் போடவே கூடாது.

"மல்டி பாயிண்ட்" என்பது ஒரே நேரத்தில் இரண்டு கருவிகளோடு சேரும் வசதி. கம்பெனிக்கு ஒரு போன், வீட்டுக்கு ஒரு போன் என்று வைத்திருப்பவர்கள் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

பட்சில் உள்ள பேட்டரி பொட்டுபோல் சிறியது. சில நூறு முறை சார்ஜ் போட்டதும் அதன் வலு குறையத்தான் செய்யும். பெரும்பாலான பட்சில் அதை மாற்ற முடியாது. அதைக் கணக்கில் வைத்துத்தான் விலையை முடிவு செய்ய வேண்டும்.

கடையிலேயே 5 சோதனை

1. உங்கள் செல்போனோடு இணைத்துப் பாருங்கள். கடைக்காரர் போனில் நன்றாக இருப்பது உங்கள் போனில் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது.

2. உங்களுக்கு மனப்பாடமான ஒரு பாட்டைப் போடுங்கள். தெரிந்த பாட்டில்தான் குறை தெரியும்.

3. கடைக்கு வெளியே வந்து, சாலை ஓரத்தில் நின்று வீட்டுக்குப் பேசுங்கள். "என் குரல் எப்படிம்மா கேக்குது?" என்று கேளுங்கள். நம் மைக்கின் தரம் நமக்குத் தெரியாது. எதிர்முனைக்குத்தான் தெரியும்.

4. ரப்பர் முனையை 3 அளவிலும் மாட்டிப் பாருங்கள். காதில் சரியாகப் பொருந்தவில்லை என்றால் தாளச் சத்தமே கேட்காது. அடுத்தவர் காதில் இருந்ததாக இருந்தால் துடைத்துவிட்டு மாட்டுங்கள்.

5. போனைச் சட்டைப் பையில் ஒரு தடவை, பேண்ட் பையில் ஒரு தடவை வைத்து நடந்து பாருங்கள். விட்டு விட்டுக் கேட்டால் வேண்டாம்.

போலி ஜாக்கிரதை!

பெரிய கம்பெனிப் பெயரில், பெரிய கம்பெனி டப்பாவில், 500 ரூபாய்க்கு பட்ஸ் நீட்டுவார்கள். 20 ஆயிரம் ரூபாய் சரக்கு 500 ரூபாய்க்கு எப்படி வரும்? யோசிக்க வேண்டாமா?

வயர் இல்லாத ஹெட்போன்கள், இந்தியத் தர நிர்ணய அமைப்பில் (பி.ஐ.எஸ்.) கட்டாயம் பதிவு செய்ய வேண்டிய பொருட்களின் பட்டியலில் உள்ளன. "ஆர்" என்ற ஆங்கில எழுத்தோடு தொடங்கும் பதிவு எண் இருக்க வேண்டும். அந்த எண்ணை "பி.ஐ.எஸ். கேர்" செயலியில் போட்டால் யார் தயாரிப்பு என்று தெரிந்துவிடும்.

பில் இல்லாமல் வாங்காதீர்கள். பில் இருந்தால்தான் வாரண்டி. கடைக்காரர் கைவிரித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.

காது ஒன்றும் இரும்பு அல்ல

எதை வாங்கினாலும் சரி. அதற்கு அப்புறம்தான் முக்கியமான விஷயமே இருக்கிறது.

ஒவ்வொரு காதின் உள்ளேயும் சுமார் 15 ஆயிரம் நுண்ணிய முடி செல்கள் உள்ளன. ஒலியை மூளைக்கு அனுப்புபவை அவைதான். அதிகச் சத்தத்தில் அவை செத்தால் மறுபடி முளைக்காது. போனது போனதுதான்!

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு இது:- 80 டெசிபல் சத்தத்தில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். ஒரு நாளைக்கு அல்ல, ஒரு வாரத்துக்கு!

போனில் உள்ள முழுச் சத்தத்தில் 60 சதவீதத்துக்கு மேல் வைக்காமல் இருப்பது நல்லது என்பதும் அந்த நிறுவனத்தின் யோசனை. குழந்தைகளுக்கு இன்னும் குறைவாக வைக்க வேண்டும்.

தோல் தொழிற்சாலைகளில் டிரம் சுழலும். ஷேவிங் மெஷின் அலறும். அந்தச் சத்தத்தை மீறிப் பாட்டு கேட்க வேண்டும் என்று சிலர் முழுச் சத்தம் வைக்கிறார்கள். இது இரட்டை அடி. வெளிச்சத்தமும் காதைத் தாக்குகிறது, உள்சத்தமும் தாக்குகிறது. போதாக்குறைக்கு, பக்கத்தில் இருப்பவர் "கையை எடுடா!" என்று கத்தினாலும் காதில் விழாது. மெஷின் அருகே பாட்டு வேண்டாம்.

வேலை முடிந்து வந்த பிறகு காதில் "ங்ஙொய்" என்று ரீங்காரம் கேட்கிறதா? டி.வி. சத்தத்தை வீட்டில் உள்ளவர்கள் குறைக்க, நீங்கள் கூட்டுகிறீர்களா? காது டாக்டரைப் பார்க்கத் தள்ளிப் போடாதீர்கள்.

தண்டவாளத்தில் பாட்டு வேண்டாம்!

வாணியம்பாடியின் ஒரு பக்கம் சென்னை-பெங்களூரு தேசிய நெடுஞ்சாலை. மறுபக்கம் சென்னை-ஜோலார்பேட்டை ரெயில் பாதை. இரண்டிலும் இரவு பகல் ஓய்வு இல்லை.

110 கிலோ மீட்டர் வேகத்தில் வரும் ரெயில், 1 வினாடியில் 30 மீட்டர் தாண்டிவிடும். காதை அடைத்துக்கொண்டு தண்டவாளத்தில் கால் வைத்தவருக்கு டிரைவர் அடிக்கும் ஆரன் கேட்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். தண்டவாளத்தில் அத்துமீறி நடப்பது குற்றமும்கூட. 6 மாதம் வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கச் சட்டம் உண்டு.

மோட்டார் சைக்கிளிலும் இதே கதைதான். பின்னால் லாரி வருவதைக் கண்ணைவிட முதலில் சொல்வது காது. அதை அடைத்துவிட்டு நெடுஞ்சாலையில் ஏறுவது, கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுவதற்குச் சமம்.

ஹெட்போன் கெட்டால் இன்னொன்று வாங்கலாம். நெக்பேண்ட் அறுந்தால் அதே கடையில் வேறு நிறத்தில் கிடைக்கும். காது கெட்டால் எந்தக் கடையில் வாங்குவது?