உறைபனியும் ஒரு திராட்சைக் கொடியும்

திராட்சை மதுவைப் பற்றி இவருக்கு என்ன பேச்சு என்று நீங்கள் வியக்கக்கூடும். நான் அதைச் சுவைத்தவன் அல்லன். உங்களைச் சுவைக்கச் சொல்லவும் வரவில்லை. பயிர் நூல்களைப் புரட்டும் பழக்கத்தால் ஒரு கொடியின் மீது எனக்குப் பற்று உண்டாயிற்று. அதன் பெயர் ஷார்டொனே.

பிரான்ஸ் நாட்டில், பாரிஸ் மாநகருக்குத் தென்கிழக்கே சுமார் 180 கிலோமீட்டர் தொலைவில், பர்கண்டிப் பகுதியின் வடகோடியில் ஷாப்ளி என்னும் சிற்றூர் இருக்கிறது. அவ்வூர்ப் பெயரால் விற்கப்படும் வெண்ணிற மது முழுவதும் இந்த ஒரு திராட்சையிலிருந்தே ஆவது. அங்குள்ள சுண்ணாம்பு மண்ணில், சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் வாழ்ந்த சிப்பிகளின் ஓடுகள் நிறைந்துள்ளன. அக்கடலின் சுவையே மதுவில் ஏறுகிறது என்பாரும் உளர். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது; ஆனால் வேர்கள் சிப்பியின் சுவையை உறிஞ்சுவதில்லை. பெருங்காரணம் குளிர்.

திராட்சை பழுக்கப் பழுக்கச் சர்க்கரை ஏறும், புளிப்பு இறங்கும். அப்புளிப்பைத் தருவன, நம் வீட்டுப் புளியில் உள்ள டார்டாரிக் அமிலமும், ஆப்பிளில் மிகுந்துள்ள மாலிக் அமிலமும் ஆகும். வெப்பம் மிகுந்த நாடுகளில், பழம் சுவாசிக்கும்போது மாலிக் அமிலத்தை விரைவில் செலவழித்துவிடுகிறது. குளிர்நாட்டிலோ அச்செலவு மெதுவாகவே நிகழ்கிறது. ஆகவே ஷாப்ளி மதுவில் எலுமிச்சையின் கூர்மை நிற்கிறது என்று சுவைத்தவர்கள் எழுதுகிறார்கள்.

நன்மை செய்யும் அதே குளிர்தான் உழவனைக் கலங்க வைப்பதும். ஷார்டொனே முந்தி அரும்பும் கொடி. ஏப்ரல் மாதத்தில், மேகமும் காற்றும் இல்லாத இரவில், நிலத்தின் வெப்பம் வானத்தை நோக்கிப் போய்விடும். குளிர்ந்த காற்று கனத்துப் பள்ளத்தில் தேங்கும். பூஜ்யத்திற்குக் கீழ் இரண்டு டிகிரி போதும், இளந்தளிர் கருகிவிடும். ஓராண்டு உழைப்பு ஓரிரவில் போய்விடும்.

அப்போது என்ன செய்கிறார்கள்? சிலர் வரிசை வரிசையாகத் தீப்பந்தங்களை ஏற்றுகிறார்கள். வேறு சிலர் தளிர்களின் மீது தண்ணீரைத் தெளிக்கிறார்கள்! உறைபனியில் தண்ணீரா என்று நானும் முதலில் திகைத்தேன். ஒரு கிராம் நீர் பனிக்கட்டியாகும்போது சுமார் 80 கலோரி வெப்பத்தை வெளியிடுகிறது. இந்த உள்ளுறை வெப்பத்தை நான் பரீட்சைக்காக மட்டுமே படித்தவன். அந்த உழவர்கள் அதைக் கொண்டு பயிரைக் காக்கிறார்கள். நீர் இடைவிடாது விழுந்து உறைந்துகொண்டிருக்கும் வரையில், பனிக்கட்டிக்குள் இருக்கும் தளிர் ஏறக்குறைய பூஜ்ய நிலையிலேயே பிழைத்திருக்கும். நடு இரவில் பம்பு நின்றுவிட்டாலோ, தெளிக்காமல் இருந்ததைவிடக் கேடு அதிகம்.

உலகம் வெப்பமடைவதால் இத்தொல்லை தீரும் என்று எண்ணிவிடாதீர்கள். பர்கண்டியில் போன் நகரத்தின் அறுவடை நாட்கள் 1354 முதல் ஆராயப்பட்டுள்ளன. 1988-க்குப் பின் அறுவடை, முந்திய நூற்றாண்டுகளைவிடச் சராசரியாக 13 நாள் முன்னதாக வருகிறது. அரும்புதலும் அவ்வாறே முந்துகிறது. உறைபனி மட்டும் அதற்கு இணையாக முந்திக்கொண்டு விலகுவதில்லை. 2021-இல் மார்ச்சு இறுதியின் வெயிலை நம்பித் தளிர்த்த கொடிகளை, ஏப்ரல் முதல் வாரங்களின் உறைபனி பிரான்ஸ் முழுவதும் பரவலாகக் கருக்கியது.

ஆகவே, உழவர்களில் சிலர் இப்போது கவாத்து செய்வதையே தள்ளிப்போடுகிறார்கள். பிந்தி வெட்டிய கொடி, சில நாட்களேனும் பிந்தி அரும்பும்.